சிறிய எடிட்டரில் நிரல் எழுதி ஓட்டுவது எப்படி?

(பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி)

முன்னுரை

“சிறு துரும்பும் பல் குத்த உதவும்” என்பது நம் முன்னோர் பழமொழி. கணிப்பொறி உலகிலும் இது உண்மை என்பதைச் சென்ற ஆண்டு நானே அனுபவித்து அறிந்தேன். அதை என் அன்புத் தோழியருடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

என் பெரியப்பா மகள் வேலைக்குச் சேர்ந்ததும், கல்லூரியில் தாம் பயன்படுத்திய பழைய மடிக்கணினியை எனக்குக் கொடுத்தார். அதன் நினைவகம் 2 ஜி.பி. மட்டுமே. சி மொழியில் நிரல் எழுதிப் பழக வேண்டும் என்ற ஆசையில், அதற்கென்றே உள்ள ஒரு பெரிய மென்பொருளை அதில் நிறுவினேன். அதைத் திறந்துவிட்டுப் போய்க் காப்பி குடித்து, தம்பிக்குத் தலை சீவிவிட்டு வந்தாலும், திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு வரி எழுதினால் எழுத்துகள் ஒரு நிமிடம் கழித்துத் தோன்றும். பத்து நாள் இப்படிப் போராடிவிட்டு, “நமக்கும் கணிப்பொறிக்கும் ஒத்துவராது” என்று முடிவு கட்டினேன்.

பள்ளியின் கணிப்பொறி மன்றத்திலிருந்து பெயரை எடுத்துவிடச் சொல்லி சிஸ்டரிடம் சென்றேன். சிஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “உன் அம்மா எந்த மாதிரித் தையல் எந்திரத்தில் தைக்கிறார்கள்?” என்று கேட்டார்கள்.

“காலால் மிதிக்கும் பழைய எந்திரம், சிஸ்டர்.”

“அதில் தைத்த பாவாடை உன் இடுப்பில் நிற்கவில்லையா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நீ கடைக்காரருக்குத் தேவையான தொழிற்சாலையை உன் வீட்டுத் திண்ணையில் வைக்கப் பார்த்திருக்கிறாய். உனக்கு ஒரு சிறிய எடிட்டரும் ஒரு கம்பைலரும் போதும்” என்றார்கள். பெயர் மன்றத்திலேயே இருந்தது. நான் கற்றுக்கொண்டதை இனி வரிசையாகக் காண்போம்.

எடிட்டர் வேறு, கம்பைலர் வேறு

பெரிய மென்பொருள்களில் எல்லா வேலைகளும் ஒரே பொத்தானில் நடந்துவிடுவதால், உள்ளே என்ன நடக்கிறது என்பது நமக்குத் தெரிவதில்லை. உண்மையில் அங்கே மூன்று வேலைகள் நடக்கின்றன.

முதலாவது, எழுதுதல். அம்மா அளவு நோட்டில் தோள் இவ்வளவு, இடுப்பு இவ்வளவு என்று குறித்துக்கொள்வதைப் போன்றது இது. இதற்கு உதவுவது எடிட்டர்.

இரண்டாவது, மொழிமாற்றுதல். நாம் சி மொழியில் எழுதிய வரிகள் கணிப்பொறியின் மூளைக்குப் புரியா. அதற்குப் புரிவது 0, 1 ஆகிய இரண்டால் ஆன கட்டளைகளே. நம் வரிகளை அந்தக் கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். அளவு நோட்டைப் பார்த்துத் துணியை வெட்டித் தைப்பதற்கு இதனை ஒப்பிடலாம்.

மூன்றாவது, ஓட்டுதல். தைத்த சட்டையைப் போட்டுப் பார்ப்பது இதுதான். பொருந்துகிறதா, பிடிக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

கம்பைலர் என்னும் எண்ணத்திற்கு வழிகாட்டியவர் ஒரு பெண்மணி என்பது நமக்கெல்லாம் பெருமை அல்லவா? அமெரிக்காவில் வாசர் மகளிர் கல்லூரியில் பயின்று, பின்னர் அங்கேயே கணிதம் கற்பித்தவர் கிரேஸ் ஹாப்பர். இரண்டாம் உலகப் போரின்போது, 1943-ஆம் ஆண்டில் கடற்படையில் சேர்ந்து, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மாபெரும் கணிப்பொறியில் பணியாற்றினார். 1952-ஆம் ஆண்டில் ‘ஏ-0’ என்ற கம்பைலரை உருவாக்கினார். இன்றைய கம்பைலர்களுக்கெல்லாம் அதுவே முன்னோடி.

நாம் பயன்படுத்தப் போகும் சி மொழி, பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி என்பவரால் 1972-ஆம் ஆண்டளவில் உருவாக்கப்பட்டது. அதை மொழிபெயர்க்கும் ஜி.சி.சி. என்னும் கம்பைலரை ரிச்சர்டு ஸ்டால்மன் 1987-இல் வெளியிட்டார். இன்று வரை அது இலவசமாகவே கிடைக்கிறது.

தேவையான பொருள்கள்

சமையல் குறிப்பில் முதலில் பொருள்களைச் சொல்வார்கள். நமக்குத் தேவையானவை மூன்றே: ஒரு பழைய கணிப்பொறி, ஜி.சி.சி. கம்பைலர், ‘ஜீனி’ என்னும் எடிட்டர்.

“ஜீனி வேண்டும் அம்மா” என்று நான் சொன்னதும், “போன வாரம்தானேடி ஒரு கிலோ வாங்கினோம்?” என்றார்கள் அம்மா! இது சர்க்கரை அன்று. அலாவுதீன் விளக்கிலிருந்து வரும் பூதத்தின் பெயரை நினைவூட்டும் எடிட்டர் இது. 2005-ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளிவந்தது. இதுவும் இலவசம். குறைந்த நினைவகம் உள்ள கணிப்பொறியிலும் சட்டென்று திறந்துவிடும்.

லினக்ஸ் மின்ட், உபுண்டு, டெபியன் ஆகியவற்றில் இதை நிறுவுவது எளிது. மென்பொருள் மேலாளரைத் திறந்து ‘ஜீனி’ என்று ஆங்கில எழுத்தில் தேடி நிறுவலாம். அதேபோல ‘பில்ட்-எசென்ஷியல்’ என்ற தொகுப்பையும் நிறுவ வேண்டும். ஜி.சி.சி.யும் அதற்குத் துணையானவையும் அதனுள் வந்துவிடும்.

விண்டோஸ் வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜீனியை நிறுவினால் எடிட்டர் மட்டுமே வரும், கம்பைலர் வராது. எம்.எஸ்.ஒய்.எஸ்.2 என்ற தொகுப்பின் வழியாக ஜி.சி.சி.யைத் தனியே நிறுவ வேண்டும். பிறகு அது இருக்கும் கோப்புறையின் முகவரியை விண்டோஸின் ‘பாத்’ பட்டியலில் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் கம்பைலர் வீட்டில் இருந்தும் ஜீனிக்கு அதன் கதவு எண் தெரியாது.

முதல் நிரல்

ஜீனியைத் திறந்ததும் வெறுமையான பக்கம் ஒன்று வரும். எதையும் எழுதும் முன்பே அதைச் சேமித்துவிடுங்கள். நான் ‘லைனிங்’ என்று பெயர் வைத்தேன். அதன் பின்னால் ஒரு புள்ளியும் சிறிய ‘சி’ என்ற எழுத்தும் வர வேண்டும். முதல் நாள் நான் இந்தப் புள்ளி சி-யைப் போட மறந்துவிட்டேன். கம்பைல் செய்யும் பொத்தான் வெளிறிப்போய், அழுத்தினாலும் அசையவில்லை. அரை மணி நேரம் விழித்த பின்புதான் காரணம் விளங்கியது. கோப்பின் கடைசி எழுத்தைப் பார்த்துத்தான் ‘இது சி மொழி’ என்று ஜீனி அறிகிறது. சரியான பெயரில் சேமித்தவுடன் சொற்கள் பல நிறங்களில் ஒளிரத் தொடங்கும். அதுவே ஜீனி மொழியை அறிந்துகொண்டதற்கு அடையாளம்.

பெயரில் இடைவெளி விடாமல் இருப்பது நல்லது. எல்லா நிரல்களையும் ஒரே கோப்புறையில் வைத்துக்கொண்டால் பிறகு தேட வேண்டியதில்லை.

மூன்று பொத்தான்கள்

விசைப்பலகையின் மேல் வரிசையில் ‘எஃப்’ என்று தொடங்கும் பொத்தான்களைப் பாருங்கள். அவற்றுள் மூன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

எஃப்8: இது கம்பைல். நம் வரிகளில் இலக்கணப் பிழை உண்டா என்று சோதித்து, அரைகுறையாக மொழிமாற்றி வைக்கும். வெட்டிய துணித் துண்டுகள் போல எனலாம்.

எஃப்9: இது பில்ட். ஓடக்கூடிய முழு நிரலை உருவாக்கும். துண்டுகளை இணைத்துத் தைத்த சட்டை இது.

எஃப்5: இது எக்சிகியூட். உருவான நிரலை ஓட்டும். தனியாக ஒரு கறுப்புச் சாளரம் திறந்து விடையைக் காட்டும். முடிந்ததும் எண்டர் பொத்தானை அழுத்தினால் அது மூடிக்கொள்ளும்.

சில மடிக்கணினிகளில் இவற்றை அழுத்தினால் ஒலி கூடும், வெளிச்சம் குறையும். அவ்வாறானால் ‘எஃப்என்’ என்ற பொத்தானையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

உள்ளே இருக்கும் கட்டளைகள்

எஃப்9 அழுத்தும்போது ஜீனி என்ன சொல்கிறது என்பதை நாமே பார்க்கலாம், மாற்றவும் செய்யலாம். ‘பில்ட்’ மெனுவில் ‘செட் பில்ட் கமாண்ட்ஸ்’ என்பதைத் திறந்தால் கட்டளைகள் வரிசையாகத் தெரியும். பில்ட் கட்டளையைப் பகுதி பகுதியாகப் பார்ப்போம்.

முதலில் ‘ஜி.சி.சி.’ என்ற பெயர். இது கம்பைலரை அழைக்கிறது. அடுத்து ஒரு சிறு கோடும் ‘வால்’ என்ற நான்கு எழுத்துகளும் இருக்கும். இதில் முதல் எழுத்து மட்டும் பெரியது. “சந்தேகமான இடங்களையும் எச்சரித்துச் சொல்” என்பது இதன் பொருள். அடுத்து ஒரு சிறு கோடும் சிறிய ‘ஓ’ எழுத்தும். “உருவாகும் நிரலுக்கு இந்தப் பெயர் வை” என்பது இதன் பொருள். அதன் பின் விழுக்காட்டுக் குறியோடு ‘இ’ எழுத்து. இது புள்ளி சி இல்லாத பெயரைக் குறிக்கும். கடைசியில் விழுக்காட்டுக் குறியோடு ‘எஃப்’ எழுத்து. இது கோப்பின் முழுப்பெயரைக் குறிக்கும்.

எந்தக் கோப்பைத் திறந்திருக்கிறோமோ அதன் பெயரை ஜீனியே அந்த இடங்களில் நிரப்பிக்கொள்ளும். விண்ணப்பப் படிவத்தில் ‘பெயர்’ என்று கோடிட்டு இடம் விட்டிருப்பார்களே, அதைப் போன்றதுதான் இது. ஒருமுறை கட்டளை சரியாக இருந்தால் பிறகு நூறு நிரல்கள் எழுதினாலும் அதைத் தொட வேண்டியதில்லை.

எஃப்5 அழுத்தியும் கறுப்புச் சாளரம் வரவில்லையா? ‘எடிட்’ மெனுவில் ‘பிரிஃபரன்சஸ்’ திறந்து, ‘டூல்ஸ்’ பகுதியில் ‘டெர்மினல்’ என்ற இடத்தைப் பாருங்கள். உங்கள் கணிப்பொறியில் இருக்கும் டெர்மினலின் பெயர் அங்கே இருக்க வேண்டும்.

பிழைச் செய்தி நம் பகைவன் அன்று

புதிதாகப் பழகுவோர் அஞ்சுவது பிழைச் செய்திகளுக்குத்தான். கீழே உள்ள பெட்டியில் சிவப்பு எழுத்துகளைப் பார்த்தவுடன், வகுப்பில் எழுந்து நிற்கச் சொன்னதுபோல் இருக்கும். ஆனால் அது திட்டு அன்று, முகவரி. எந்தக் கோப்பில், எத்தனையாவது வரியில் தவறு என்று அது சொல்கிறது. அந்தச் செய்தியின் மேல் அழுத்தினால் ஜீனி நம்மை நேராக அந்த வரிக்கே அழைத்துச் செல்லும்.

இங்கே மூன்று குறிப்புகளை மனத்தில் கொள்ளுங்கள்.

ஒன்று, பத்துப் பிழைகள் வந்தாலும் முதல் பிழையை மட்டும் திருத்திவிட்டு மீண்டும் எஃப்9 அழுத்துங்கள். ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனாலே பல பிழைகள் தொடர்ந்து வரும். முதலாவதைத் திருத்தினால் மற்றவை தாமே மறையும்.

இரண்டு, சொன்ன வரியில் தவறு தெரியவில்லை என்றால் அதற்கு மேல் வரியைப் பாருங்கள். அரைப்புள்ளி விட்டுப்போயிருக்கலாம்.

மூன்று, எச்சரிக்கை என்று வந்தால் “நிரல்தான் உருவாகிவிட்டதே” என்று விட்டுவிடாதீர்கள். அது காரணமின்றி வருவதில்லை.

அறுபது ரூபாய்ப் பாடம்

இவ்வளவும் கற்றபின் எனக்குச் சற்றே தலைக்கனம் வந்துவிட்டது. அம்மாவின் தையல் கணக்கை இனி நானே கணிப்பொறியில் போட்டுத் தருவதாகச் சொன்னேன். எங்கள் தெருவில் இரண்டு வீட்டுச் சிறுமியர் புதுநன்மை வாங்க இருந்தார்கள். இருவருக்கும் ஒரே அளவில் வெள்ளைக் கவுன். அதற்கு அம்மா 5 மீட்டர் லைனிங் துணி வாங்கியிருந்தார்கள். மீட்டர் 60 ரூபாய். ஆளுக்கு எவ்வளவு என்பதுதான் கணக்கு.

நீளம், ஆள், விலை என்ற பெயர்களையே ஆங்கில எழுத்தில் வைத்து, மூன்றையும் ‘இன்ட்’ என்னும் முழு எண் வகையில் அறிவித்தேன். நீளத்தை ஆளால் வகுத்து, விலையால் பெருக்கச் சொன்னேன். எஃப்9 அழுத்தினேன். ஒரு பிழையும் இல்லை. ஓர் எச்சரிக்கையும் இல்லை. எஃப்5 அழுத்தினேன். விடை 120 என்று வந்தது. “பார்த்தீர்களா அம்மா!” என்று பெருமையோடு சொன்னேன். அம்மாவும் என்னை நம்பி இரண்டு வீட்டிலும் லைனிங்குக்கு 120 ரூபாய் என்றே சொல்லிவிட்டார்கள்.

இரவு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ணிய அம்மா, “ஏன்டி, கடையில் 300 கொடுத்தேன். கையில் 240-தான் வந்திருக்கு. அறுபது ரூபாய் எங்கே போச்சு?” என்றார்கள்.

எனக்கு முகம் வாடிவிட்டது. 5-ஐ இரண்டால் வகுத்தால் இரண்டரை. ஆனால் சி மொழியில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண்ணாகத்தான் வரும். அந்த அரையைக் கணிப்பொறி சத்தமில்லாமல் எறிந்துவிட்டது! 2-ஐ 60-ஆல் பெருக்கி 120 என்று காட்டியது. உண்மை விடை 150 அல்லவா?

உடனே நீளத்தை ‘டபுள்’ என்னும் தசம எண் வகைக்கு மாற்றி, எஃப்5 அழுத்தினேன். மறுபடியும் 120! அழுகையே வந்துவிட்டது. சிறிது நேரம் கழித்துத்தான் புரிந்தது: நான் எஃப்9 அழுத்தவே இல்லை. எஃப்5 புதிதாகத் தைக்காது. ஏற்கெனவே தைத்து வைத்த சட்டையைத்தான் மறுபடி மாட்டும். அளவு நோட்டைத் திருத்தினால் மட்டும் சட்டை மாறிவிடுமா?

எஃப்9 அழுத்தியபோது இம்முறை ஓர் எச்சரிக்கை வந்தது. விடையை அச்சிடும் ‘பிரிண்ட்எஃப்’ வரியில் நான் முழு எண்ணுக்கு உரிய ‘டி’ குறியீட்டையே விட்டுவைத்திருந்தேன். இப்போதோ விடை தசம எண். அந்த வரியை ‘வால்’ கண்டுபிடித்துக் கொடுத்தது. ‘டி’ இருந்த இடத்தில் ‘புள்ளி 2 எஃப்’ என்று மாற்றி, எஃப்9, எஃப்5 என்று முறையாக அழுத்தினேன். 150.00 என்று வந்தது.

“நாளைக்குப் போய் மீதி முப்பது முப்பது வாங்கிக்கலாமா அம்மா?” என்று கேட்டேன். “சொன்ன விலை சொன்னதுதான். பிள்ளைகள் புதுநன்மை உடுப்புக்கு இரண்டு விலை சொல்லக் கூடாது” என்றார்கள் அம்மா. என் உண்டியலிலிருந்து அறுபது ரூபாயை எடுத்து நீட்டினேன். அம்மா அதை வாங்கவில்லை. நோட்டில் செலவுப் பக்கத்தைத் திருப்பி, “மகளுக்குக் கணிப்பொறிப் பாடக் கட்டணம், ரூ. 60” என்று எழுதிக்கொண்டார்கள். அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமும் வரும், சிரிப்பும் வரும்.

அன்று ஓர் உண்மையை அறிந்தேன். கம்பைலர் பார்ப்பது இலக்கணத்தை மட்டுமே. “நான் நேற்று நிலாவில் சோறு உண்டேன்” என்று எழுதினால் தமிழாசிரியை இலக்கணப் பிழை என்று சுழிக்க மாட்டார். ஆனால் அது உண்மையாகிவிடாது. கணக்கு மெய்யா என்பதைப் பார்க்க வேண்டியவர் நாமே. அதன்பின் எந்த நிரல் எழுதினாலும், விடை தெரிந்த சிறு கணக்கு ஒன்றைக் காகிதத்தில் போட்டுவிட்டு, அதையே கணிப்பொறிக்கும் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறேன். அந்தக் கணக்கில் அரையும் காலும் இருக்குமாறு பார்த்துக்கொள்கிறேன். 4 மீட்டரை மட்டும் இரண்டால் வகுத்துப் பார்த்திருந்தால் என் தவறு ஒருநாளும் வெளிப்பட்டிராது.

முடிவுரை

அன்புத் தோழியரே! விலையுயர்ந்த கணிப்பொறி இல்லையே என்று எவரும் ஏங்க வேண்டாம். வீட்டின் மூலையில் பழைய மடிக்கணினி ஒன்று கிடந்தால் அதைத் துடைத்து எடுங்கள். ஒரு சிறிய எடிட்டர், ஒரு கம்பைலர், மூன்று பொத்தான்கள் ஆகியவையே தொடங்குவதற்குப் போதும். எழுதுவது ஒன்று, மொழிமாற்றுவது ஒன்று, ஓட்டுவது ஒன்று என்று மூன்றையும் பிரித்து அறிந்தால், எங்கே தடை ஏற்பட்டது என்பதும் தானே தெரிந்துவிடும்.

பெற்றோர்களுக்கும் ஒரு சிறு வேண்டுகோள். உங்கள் பிள்ளை கணிப்பொறியின் முன் அமர்ந்து முகம் சுருங்கினால், “உனக்கு வராது” என்று சொல்லிவிடாதீர்கள். திணறுவது பிள்ளையா, எந்திரமா என்று ஒரு கணம் பாருங்கள். என் திறமையைப் பற்றி நான் எடுத்த முடிவு, அந்த எந்திரத்தின் 2 ஜி.பி. நினைவகத்தைப் பற்றியதாகத்தான் இருந்தது.

இப்போது அம்மாவின் தையல் கணக்கு முழுவதும் லைனிங் நிரலில்தான் நடக்கிறது. ஆயினும் அம்மா ஒவ்வோர் இரவும் விரல் விட்டு ஒருமுறை எண்ணிப் பார்க்கிறார்கள். நானும் தடுப்பதில்லை. என் நிரலைச் சோதித்துக் கொடுப்பவர்கள் அவர்கள்தாமே!